பார்சல பிரிச்சா பூச்சி, பூஞ்சை, நாத்தம்... காசு திரும்ப வருமா? – வாசகர் கேள்வி பதில்

பழைய பொருள ஆன்லைன்ல வாங்கி, பிரிச்சுப் பாத்தா உள்ள பூச்சி, பூஞ்சை, சிகரெட் நாத்தம்னு எழுதினவங்க கேள்விங்க மட்டும் இந்த முறை எடுத்திருக்கேன். எல்லா கடிதத்துலயும் மாட்டிக்கிட்டு நிக்கிற இடம் ஒண்ணு தான். வீட்ல இருக்கறவங்க உடம்புக்கு நல்லதுன்னா அந்தப் பொருள இப்பவே தூக்கி வெளிய போடணும், காசு திரும்ப வேணும்னா அது அப்படியே கைல இருக்கணும். இந்த ரெண்டுக்கும் நடுவுல அவசரப்பட்டு தான் நிறைய பேர் காச விட்டுடறாங்க, அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

கே: அக்கா, ஒரு ஆப்ல கம்பளி கோட்டு வாங்கினேன். ஒரே தடவ தான் போட்டது, சுத்தமா இருக்குன்னு எழுதியிருந்தாங்க. பிரிச்சு கட்டில் மேல வச்சேன், காலர் மடிப்புக்குள்ள ஏதோ நகர்ந்துச்சு, பாத்தா மூட்டைப்பூச்சி. வீட்டுக்காரர் எரிச்சிடுங்கறார், அம்மா வெந்நீர்ல முக்கி வைங்கறாங்க. எது செஞ்சா எனக்கு ரீஃபண்ட் கிடைக்கும்?

ரெண்டுமே இப்ப வேண்டாம்மா. எரிச்சா ஆதாரம் போச்சு, வெந்நீர்ல போட்டா பூச்சியும் போச்சு கோட்டும் சுருங்கிப் போச்சு, அப்புறம் செல்லர் 'நான் நல்ல கோட்டு தான் அனுப்பினேன், இவங்க துவைச்சு கெடுத்துட்டாங்க'ன்னு சொன்னா உங்ககிட்ட பதில் இருக்காது.

முதல்ல போன் கேமராவ வீடியோல போட்டுட்டு, நடுவுல எங்கயும் கட் பண்ணாம ஒரே ஓட்டமா எடுங்க. பார்சல் கவர்ல இருக்கற லேபிள், அதுல உங்க பேரு ட்ராக்கிங் நம்பர், அப்படியே கோட்டு, அப்புறம் காலர் மடிப்பு, அக்குள் தையல், பாக்கெட்டோட உள் ஓரம். மூட்டைப்பூச்சி நல்லா வளர்ந்தது அரை சென்டிமீட்டர் இருக்கும், பக்கத்துல ஒரு ஸ்கேலோ நாணயமோ வச்சு எடுத்தா சைஸு புரியும். முட்டை ஒரு மில்லிமீட்டர் தான், வெள்ளையா தையல் இடுக்குல ஒட்டிக்கிட்டிருக்கும், டார்ச் அடிச்சு ஜூம் பண்ணாம தெரியாது. துணில கறுப்பு கறுப்பா புள்ளி இருந்தா அது அழுக்குன்னு விட்டுடாதீங்க, பஞ்ச லேசா நனைச்சு தொட்டுப் பாருங்க, கலைஞ்சு பழுப்பா இழுத்துக்கிட்டு வந்துச்சுன்னா அது பெரும்பாலும் மூட்டைப்பூச்சியோட எச்சம் தான், அதையும் வீடியோ எடுங்க. ஒரு பூச்சிய தெளிவான செல்லோ டேப்ல ஒட்டி வெள்ள பேப்பர்ல பதிச்சு, தேதி எழுதி வச்சுக்கோங்க. அருவருப்பா தான் இருக்கும், ஆனா 'இது வேற ஏதோ வண்டு'ன்னு யாராவது வாதம் பண்ணா இந்த ஒரு பேப்பர் போதும்.

அது முடிஞ்சதும் கோட்டு, அது வந்த கவரு, உள்ள இருந்த பேப்பரு எல்லாத்தையும் தடிமனான பிளாஸ்டிக் பையில போட்டு காத்து போகாம டேப் ஒட்டுங்க, அத இன்னொரு பையில போட்டு மறுபடி ஒட்டுங்க. நாலு நாள்ல உள்ளயே செத்துடும்னு நினைச்சு திறந்துடாதீங்க, இந்தப் பூச்சி ரத்தம் குடிக்காமலே மாசக்கணக்குல உயிரோட கெடக்கும்.

கட்டில் மேல வச்சேன்னு சொன்னீங்க இல்ல, அந்த விரிப்பு தலையணை உறை எல்லாத்தையும் துவைச்சு, துணி காய வைக்கிற ட்ரையர் மெஷின் இருந்தா அதிக சூட்டுல அரை மணி நேரம் ஓட்டிடுங்க, முட்டை வரைக்கும் செத்துடும். முட்டை பொரிய ஒரு வாரம் பத்து நாள் ஆகும், அதனால இன்னிக்கு ஒண்ணும் இல்லன்னு விட்டுடாம ரெண்டு மூணு வாரம் மெத்தை ஓரத்த, கட்டில் ஸ்க்ரூ ஓட்டைய பாத்துக்கிட்டே இருங்க.

இப்ப காசு விஷயம். ஆப்புக்குள்ளயே ஆர்டர் பக்கத்துல 'பொருள்ல பிரச்சனை'ன்னு ஒண்ணு இருக்கும், அதுல 'விவரிச்ச மாதிரி இல்ல'ங்கற காரணத்த தேர்ந்தெடுங்க. 'பிடிக்கல', 'மனசு மாறிட்டேன்'னு தெரியாம கூட தொட்டுடாதீங்க, அந்தக் காரணத்துக்கு ரிட்டர்ன் கூலி உங்க தலையில விழும், சில இடத்துல ரிட்டர்னே கிடையாது. மெசேஜ் நீளமா வேண்டாம், கோபமும் வேண்டாம், இப்படி எழுதினா போதும்:

'இந்தத் தேதில வந்த கோட்டுல உயிரோட மூட்டைப்பூச்சியும் முட்டையும் இருக்கு. லிஸ்டிங்ல சுத்தமா இருக்குன்னு எழுதியிருக்கு. பிரிச்ச வீடியோவும் போட்டோவும் இணைச்சிருக்கேன். பொருள பையில போட்டு மூடி வச்சிருக்கேன், போடல, துவைக்கல. முழு ரீஃபண்ட் வேணும், ரிட்டர்ன் கூலி செல்லர் தரணும். பூச்சி இருக்கறதால எப்படி திருப்பி அனுப்பறதுன்னு நீங்க எழுத்துல சொல்லுங்க.'

கூடவே லிஸ்டிங்க, அதாவது செல்லர் பொருளப் பத்தி போட்ட விளம்பரப் பக்கத்த, ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைங்க, புகார் போனதும் செல்லர் அத மாத்திடவோ அழிச்சிடவோ வாய்ப்பு இருக்கு. இதெல்லாம் இன்னிக்கே, ஏன்னா கெடு ரொம்ப குறைவு. பழைய பொருள் விக்கிற தளங்கள எடுத்துக்கிட்டா, விண்டட்ல (Vinted) பொருள் வந்துடுச்சுன்னு தகவல் வந்த 2 நாளுக்குள்ள பிரச்சனைய சொல்லணும், பாஷ்மார்க்ல (Poshmark) 3 நாள், ஈபேல (eBay) 30 நாள். நீங்க வாங்கின ஆப்போட ஹெல்ப் பக்கத்துல இது எத்தன நாள்னு இப்பவே பாருங்க. 'எல்லாம் சரியா இருக்கு'ன்னு ஒரு பட்டன் வரும் பாருங்க, அத அமுக்கினா அவ்வளவு தான், ஆப்காரங்க பிடிச்சு வச்சிருந்த உங்க பணம் செல்லருக்கு போயிடும், கேஸ் முடிஞ்சிடும். நட்சத்திரம் குடுக்கறதும் சில ஆப்ல இதே வேலைய செஞ்சிடும்.

கே: அதெல்லாம் செஞ்சாச்சு, ரிட்டர்ன் ஒத்துக்கிட்டாங்க. ஆனா பூச்சி இருக்கற துணிய எப்படி கூரியர்ல அனுப்பறது, பாவம் இல்லையா அவங்களுக்கு?

கேட்டதுக்கு உங்கள கும்பிடணும், நிறைய பேர் இத யோசிக்கறதே இல்ல. உயிருள்ள பூச்சிய சொல்லாம கொள்ளாம அனுப்பினா வண்டில இருக்கற அடுத்த பார்சலுக்கெல்லாம் ஏறிடும், அந்தப் பார்சல் போற வீட்ல இன்னொருத்தர் உங்க நிலைமைல உக்காந்திருப்பாங்க.

முதல்ல ஆப்காரங்ககிட்ட சாட்ல கேளுங்க, திருப்பி அனுப்பாமலே ரீஃபண்ட் குடுக்க முடியுமா, இங்கயே அழிச்சிடட்டுமான்னு. சில சமயம் ஒத்துக்குவாங்க, ஆனா அவங்க எழுத்துல சொல்றதுக்கு முன்னாடி குப்பையில போடாதீங்க. இல்ல அனுப்பி தான் ஆகணும்னு சொன்னா, 'பூச்சிய கொன்னுட்டு அனுப்பறேன், சம்மதமா'ன்னு கேட்டு பதில் வாங்கிட்டு செய்ங்க. கம்பளி மாதிரி சூடு தாங்காத துணின்னா பையோட ஃப்ரீசர்ல வச்சிடலாம், மைனஸ் 18 டிகிரில முழுசா 4 நாள் இருக்கணும். வீட்டு ஃப்ரீசர் எல்லாமே அவ்வளவு குளிருக்கு போகாது, கதவ அடிக்கடி திறந்தாலும் பலிக்காது, அதனால தெர்மாமீட்டர் வச்சு பாத்துட்டு செய்ங்க. பருத்தி, போர்வை மாதிரின்னா ட்ரையர் சூடு போதும். அப்புறம் புது பை ரெண்டு போட்டு மூடி, பெட்டி ஒட்டறத வீடியோ எடுத்து, ட்ராக்கிங் இருக்கற சர்வீஸ்ல மட்டும் அனுப்புங்க. ட்ராக்கிங் இல்லாம அனுப்பி செல்லர் 'வரல'ன்னு சொன்னா முழு உழைப்பும் வீண். திருப்பி அனுப்பவும் கெடு இருக்கும், ஃப்ரீசர்ல வைக்கிற நாலு நாளையும் அதுல கணக்கு பண்ணிக்கோங்க, பத்தலன்னா முன்னாடியே சொல்லி நாள் கூட்டிக் கேளுங்க.

கே: பழைய புத்தகம் ஒரு கட்டா வாங்கினேன். பெட்டிய திறந்ததுமே மக்கின வாடை, குழந்தைக்கு தும்மல் நிக்கல. செல்லர் 'பழைய புத்தகம்னா அப்படித்தான் இருக்கும், புதுசு வேணும்னா கடையில வாங்கிக்கோங்க'ன்னு சொல்றார். அவர் சொல்றது நியாயமா?

பாதி நியாயம், அதனால தான் இதுல கவனமா பேசணும். பழைய காகிதம் மஞ்சளாகும், அங்கங்க துரு மாதிரி பழுப்புப் புள்ளி விழும், அதுக்குன்னு ஒரு வாடையும் இருக்கும். இதெல்லாம் வயசால வர்றது, இதுக்கு கேஸ் போட்டா நிக்காது. பூஞ்சை வேற. அது காகிதத்து மேல நிக்கும், பஞ்சு மாதிரியோ பொடி மாதிரியோ வெள்ளையா பச்சையா கறுப்பா இருக்கும், விரல்ல பட்டா ஒட்டும். இருட்டு ரூம்ல டார்ச்ச புத்தகத்தோட பக்கவாட்டுல சாய்ச்சு அடிச்சுப் பாருங்க, பூஞ்சை இருந்தா மேல எழும்பி நிழல் விழும், வெறும் கறைன்னா தட்டையா இருக்கும். அந்த போட்டோ ஒண்ணு எடுத்துட்டீங்கன்னா 'வயசு தான்'ங்கற பேச்சுக்கு இடமே இல்ல. பைண்டிங் பக்கத்துல, அட்டையோட உள் பக்கத்துல, தண்ணி பட்ட கோடு இருக்கான்னும் பாருங்க, ஈரத்துல கெடந்த புத்தகம்னு அது சொல்லிடும்.

அப்புறம் லிஸ்டிங்ல அவர் என்ன எழுதினார்னு திரும்ப படிங்க. 'நல்ல நிலைமை', 'படிக்க ஏத்தது'ன்னு எழுதிட்டு பூஞ்சைய மறைச்சா அது விவரிச்ச மாதிரி இல்லாத பொருள் தான், பழசுங்கற வார்த்தை அத மூடிடாது. பழசுன்னா தேய்மானம் இருக்கும்னு வாங்கறவங்க ஒத்துக்கறாங்க, கிழிசல் இருக்கும்னு கூட ஒத்துக்கலாம், ஆனா தொட்டா நோய் வர்ற மாதிரி இருக்கும்னு யாரும் ஒத்துக்கிட்டு வாங்கறதில்ல. மாறா 'ஈர வாடை இருக்கு, விலை அதுக்கேத்த மாதிரி'ன்னு அவர் முன்னாடியே எழுதியிருந்தா, அத நீங்க படிக்காம விட்டிருந்தா, கஷ்டம் தான்.

'ரிட்டர்ன் கிடையாது'ன்னு லிஸ்டிங்ல போட்டிருக்காரான்னு பயப்படாதீங்க. வாங்கறவங்களுக்கு பாதுகாப்பு குடுக்கற தளங்கள்ல அந்த வரி மனசு மாறி திருப்பறவங்களுக்கு மட்டும் தான் செல்லும். ஈபேல இது தெளிவாவே இருக்கு, சொன்னது ஒண்ணு வந்தது ஒண்ணுன்னா ரிட்டர்ன் இல்லன்னு போட்ட செல்லரும் எடுத்துக்கணும். அவருக்கு 3 வேலை நாள் டைம், அதுக்குள்ள தீர்க்கலன்னா நீங்க ஈபேயவே உள்ள வந்து முடிவு பண்ண சொல்லலாம்.

முன்னாடி சொன்ன பை விஷயம் இங்க கொஞ்சம் மாறும். ஈரமா இருக்கற புத்தகத்த பிளாஸ்டிக்ல இறுக்கி கட்டினா பூஞ்சை உள்ளயே இன்னும் நல்லா வளரும், அப்புறம் செல்லர் 'உங்க வீட்ல வளர்ந்தது'ன்னு சொல்லலாம். வந்த அட்டைப்பெட்டியிலயே வச்சு, ஈரமில்லாத இடத்துல, மத்த புத்தகம் கிட்ட இல்லாம, குழந்தை படுக்கற ரூமுக்கு வெளிய வைங்க. ஃபேன் போட்டு காய வைக்காதீங்க, பொடி வீடு முழுக்க பறக்கும். குழந்தைக்கு மூச்சு இழுக்குதுன்னா புத்தகம் அப்புறம், முதல்ல டாக்டர்கிட்ட காட்டுங்க, அந்தச் சீட்டையும் பத்திரமா வைங்க.

கே: லெதர் பேக். சிகரெட் நாத்தம் தாங்கல. லிஸ்டிங்ல 'புகைபிடிக்காத வீடு'ன்னே எழுதியிருக்காங்க! ஆனா போட்டோல நாத்தத்த எப்படி காட்டறது?

காட்ட முடியாது தான், ஆனா அது விட்டுட்டுப் போன கறைய காட்டலாம். வெள்ளப் பஞ்சையோ வெள்ளத் துணியையோ லேசா ஈரமாக்கி, பேகோட உள் லைனிங்க ஒரு இடத்துல துடைங்க, மஞ்சளா பழுப்பா வந்துச்சுன்னா சுத்தமான பஞ்சு பக்கத்துல வச்சு போட்டோ எடுங்க. லெதர் சாயமும் இறங்கும், அதனால லெதர்ல துடைக்காதீங்க, லைனிங், ஜிப் உலோகம், பிளாஸ்டிக் பட்டன் மாதிரி சாயம் போகாத இடமா பாருங்க. சிகரெட் புகையோட நிக்கோடின் பொருள் மேல ஒட்டிக்கிட்டு மாசக்கணக்குல இருக்கும், துணி வழியா திரும்ப காத்துல கலந்துக்கிட்டே இருக்கும், அதனால 'ரெண்டு நாள் வெளிய போட்டா போயிடும்'னு செல்லர் சொன்னா அத நம்பி நாள கடத்தாதீங்க, அதுக்குள்ள உங்க கெடு முடிஞ்சிடும்.

புகார் பண்றதுக்கு முன்னாடி ஆப் சாட்ல ஒரு கேள்வி மட்டும் கேளுங்க, 'பேக்ல புகை வாடை வருது, வீட்ல யாராவது புகைபிடிப்பாங்களா?' அப்படின்னு. நிறைய பேர் உண்மைய சொல்லிடுவாங்க, 'ஆமா, முன்னாடி இருந்தவர் பிடிப்பார், ஆனா இப்ப இல்ல'ன்னு. லிஸ்டிங்ல அவங்களே எழுதினதுக்கு எதிரா அவங்களே சொன்ன வரி அது, அதுக்கு மேல ஒரு ஆதாரம் தேவையில்ல. மறுத்தாங்கன்னா பேக மோந்து பாத்த வேற ரெண்டு பேர்கிட்ட ரெண்டு வரி எழுதி வாங்கி இணைங்க. சென்ட் அடிக்கறது, சோடா மாவு தூவறது, வெயில்ல வைக்கறது எதுவும் ரீஃபண்ட் வர்ற வரைக்கும் வேண்டாம்.

நாய் பூனை முடி, பூனை அலர்ஜி விஷயத்துக்கும் இதே வழி தான். 'வீட்ல செல்லப்பிராணி இல்ல'ன்னு எழுதியிருந்தாங்கன்னா அந்த வரி உங்களுக்கு பெரிய பலம், எழுதலன்னா வாங்கறதுக்கு முன்னாடி கேட்டு பதில் வாங்கியிருக்கணும். அலர்ஜி இருக்கறவங்க ஒவ்வொரு தடவையும் இத கேளுங்க, ஆப் சாட்லயே கேளுங்க, போன்ல கேட்டது காத்தோட போச்சு.

கே: பழைய கேம் கன்சோல் வாங்கினேன் அக்கா. ஆன் பண்ண கொஞ்ச நேரத்துல ஓட்டை வழியா சின்ன சின்ன கரப்பானா வெளிய வருது. செல்லர் கமிஷன் மிச்சம்னு சொல்லி ஆப்புக்கு வெளிய, நண்பருக்கு அனுப்பற மாதிரி பணம் அனுப்ப சொன்னார், அனுப்பிட்டேன். இப்ப என் நம்பர பிளாக் பண்ணிட்டார்.

தம்பி, முதல்ல பிளக்க புடுங்கு. கரப்பானுக்கு சூடும் இருட்டும் பிடிக்கும், கன்சோல், ரௌட்டர், மைக்ரோவேவ் மாதிரி பொருளோட பவர் சப்ளை பக்கத்துல தான் குடும்பமா இருக்கும், ஆன் பண்ணா கலைஞ்சு வீட்டுக்குள்ள ஓடும். வீட்ல அதிகமா பாக்கற சின்ன ஜெர்மன் கரப்பானோட ஒரு முட்டைக்கூட்டுல 30, 40 குஞ்சு இருக்கும், அதனால 'நாலு தான் வந்துச்சு'ன்னு விடாத. ஸ்க்ரூ கழட்டி திறக்காத, திறந்தா 'உள்ள நீ கை வச்சுட்ட'ன்னு ஒரு சாக்கு கிடைச்சிடும். டார்ச்ச காத்து போற ஓட்டை வழியா அடிச்சு வீடியோ எடு, மிளகுத்தூள் தூவின மாதிரி கறுப்பா கெடந்தா அது எச்சம், அதையும் எடு, சீரியல் நம்பரும் அதே வீடியோல வரட்டும். அப்புறம் பையில போட்டு மூடு.

பணம் விஷயத்துல உண்மைய சொல்றேன், கஷ்டம். ஆன்லைன்ல பணம் கட்டற பேபால் (PayPal) சேவைல பொருளுக்குன்னு பணம் கட்டினா, சொன்ன மாதிரி இல்லன்னு பணம் கட்டின நாள்லேர்ந்து 180 நாள் வரைக்கும் டிஸ்பியூட், அதாவது தகராறு புகார், போடலாம், ஆனா நண்பர் குடும்பம்னு அனுப்பினா அந்தப் பாதுகாப்பு கிடையாது. நேரடியா வங்கிக் கணக்குக்கு அனுப்பினதும் அப்படித்தான், நீயா மனசார அனுப்பின பணம்னு தான் வங்கி எடுத்துக்கும். கமிஷன் மிச்சம்னு சொல்றவங்க வெளிய கூப்பிடறதே நிறைய தடவ இந்தப் பாதுகாப்ப கழட்டி விடத்தான்.

ஆனாலும் சும்மா விடாத. வங்கிக்கு இன்னிக்கே போன் பண்ணி மோசடின்னு புகார் பதிவு பண்ணு, புகார் நம்பர் வாங்கு. லிஸ்டிங் இருந்த தளத்துல அந்த ஆளோட ப்ரொஃபைல ரிப்போர்ட் பண்ணு, உனக்கு காசு வராட்டியும் அடுத்த ஆள் தப்பிப்பான். செல்லரோட ஈமெயிலோ முகவரியோ இருந்தா, என்ன வாங்கினேன், என்ன சொன்னாங்க, என்ன வந்துச்சு, எந்தத் தேதிக்குள்ள பணம் வேணும்னு மரியாதையா ஒரு கடிதம் அனுப்பு. நுகர்வோர் மன்றமோ சின்னத் தொகை வழக்கு பாக்கற கோர்ட்டோ போகணும்னா இந்தக் கடிதத்த தான் முதல்ல கேப்பாங்க. அங்க இன்னொண்ணும் பாப்பாங்க, வித்தவர் வியாபாரமா விக்கறவரா, வீட்ல கெடந்தத ஒருதடவ வித்தவரான்னு. வியாபாரின்னா உன் பக்கம் சட்டம் பலமா இருக்கும், தனி ஆள்னா அவர் லிஸ்டிங்ல எழுதினது பொய்னு நீ நிரூபிக்கணும். அதனால அவரோட மத்த லிஸ்டிங் எல்லாத்தையும் ஸ்க்ரீன்ஷாட் எடு, பத்து கன்சோல் விக்கிற ஆள் 'என் பையன் விளையாடினது'ன்னு சொன்னா எடுபடாது.

இதுக்கு நடுவுல யாராவது 'நான் கஸ்டமர் சப்போர்ட், உங்க ரீஃபண்ட அனுப்பறேன், ஓடிபி சொல்லுங்க'ன்னு கூப்பிட்டா போன வச்சிடு. உனக்கு பணம் வர்றதுக்கு நீ ஓடிபி சொல்ல வேண்டிய அவசியமே கிடையாது.

கே: ஆன்லைன்ல வாங்கின மெத்தை விரிப்புல கறையும் நாத்தமும். செல்லர் பாதி காசு தரேன், கேஸ மூடுங்கறார். வாங்கிக்கலாமா?

அந்த விரிப்ப நீங்க பயன்படுத்தப் போறீங்கன்னா வாங்கிக்கோங்க. தூக்கித் தான் போடப் போறீங்கன்னா வேண்டாம், பாதி காசுக்கு சரின்னு அமுக்கினதும் கேஸ் முடிஞ்சதா பெரும்பாலான தளங்கள் எடுத்துக்கும், மறுபடி திறக்க முடியாது. 'முழு ரீஃபண்ட் தராட்டி மோசமா ரிவ்யூ போடுவேன்'னும் எழுதிடாதீங்க, ஈபே மாதிரி இடங்கள்ல அப்படி மிரட்டறது விதிமீறல், நியாயம் உங்க பக்கம் இருந்தும் கணக்கு மேல நடவடிக்கை வரும். ரிவ்யூவ பேரம் பேச பயன்படுத்தாதீங்க, கேஸ் முடிஞ்சப்புறம் நடந்தத நடந்தபடி எழுதுங்க.

கே: ரெண்டு மாசம் முன்னாடி வாங்கின தரைவிரிப்ப இப்ப தான் பிரிச்சேன், உள்ள முழுக்க புழு. ஆப்ல டைம் முடிஞ்சிடுச்சுன்னு வருது. கார்டுல தான் கட்டினேன்.

கார்டுன்னா இன்னும் ஒரு கதவு திறந்திருக்கு. கார்டு குடுத்த வங்கிகிட்ட சார்ஜ்பேக், அதாவது கட்டின பணத்த வங்கி மூலமா திருப்பி வாங்கறது, கேக்கணும், விசா மாஸ்டர்கார்டு ரெண்டுலயும் இந்த மாதிரி தகராறுக்கு பொதுவா 120 நாள் அவகாசம். கடைசி நாள் வரைக்கும் இழுக்காம இந்த வாரமே போங்க, முதல்ல செல்லர்கிட்ட கேட்டோம், அவர் மறுத்தார் இல்ல பதிலே சொல்லலங்கறதுக்கு ஸ்க்ரீன்ஷாட் கேப்பாங்க. ரெண்டு மாசம் கழிச்சு பிரிச்சதால 'புழு உங்க வீட்ல வந்தது'ன்னு செல்லர் சொல்ல இடம் இருக்கு, அதனால பார்சல் சீல் பிரிக்காம இருந்ததுக்கு ஏதாவது போட்டோ இருந்தா அது தான் உங்களுக்கு உயிர். ஒண்ணே ஒண்ணு ஞாபகம் வைங்க, ஒரே சமயத்துல ரெண்டு இடத்துல கேஸ் நடத்தாதீங்க. பேபால்ல டிஸ்பியூட் போட்டுட்டு கார்டு வங்கிலயும் சார்ஜ்பேக் போட்டா பேபால் அவங்க கேஸ மூடிடுவாங்க. அதே மாதிரி பேபால்ல டிஸ்பியூட் போட்டா 20 நாளுக்குள்ள அத கிளெய்மா, அதாவது பேபாலே முடிவு சொல்ற கேஸா, மாத்தணும், செல்லர்கூட பேசிக்கிட்டே இருந்து அந்த நாள தாண்டிட்டா தானா மூடிக்கும், மறுபடி போட முடியாது.

கே: மகளுக்கு பிரசவம் ஆகப்போகுது. தாய்ப்பால் எடுக்கற பழைய எலக்ட்ரிக் பிரெஸ்ட் பம்ப் ஒண்ணு ஆன்லைன்ல வாங்கிட்டேன், பாக்க பளிச்சுன்னு இருக்கு. கொதிக்க வச்சா போதும் தானே?

போதாதும்மா. பாட்டில், வால்வ தான் நீங்க கொதிக்க வைக்க முடியும், மோட்டார கொதிக்க வைக்க முடியாது. நிறைய பம்ப்ல பால் துளி ட்யூப் வழியா மோட்டாருக்குள்ள போக முடியும், அங்க போயிட்டா வீட்ல யாரும் சுத்தம் பண்ண முடியாது, பூஞ்சையும் கிருமியும் அங்கயே தங்கும். ஒருத்தருக்குன்னு செஞ்ச பம்ப இன்னொருத்தர் பயன்படுத்தக் கூடாதுன்னு மருந்து, மருத்துவக் கருவியெல்லாம் கண்காணிக்கற அமெரிக்க அரசு அமைப்பான எஃப்டிஏவே சொல்லுது. ஆஸ்பத்திரில பலர் பயன்படுத்தற மாதிரி தடுப்போட செஞ்ச பம்ப் தனி வகை, அதுக்கும் ஒவ்வொருத்தருக்கும் புது ட்யூப் செட் வேணும். ட்யூப டார்ச்ல பாருங்க, உள்ள வெள்ளையா காஞ்சிருந்தாலோ கறுப்புப் புள்ளி இருந்தாலோ போட்டோ எடுத்து புகார் போடுங்க. பல தளங்கள்ல பயன்படுத்தின பம்ப விக்கறதுக்கே தடை இருக்கு, விதிப் பக்கத்துல தேடிப் பாத்து அந்த வரியோட எழுதினீங்கன்னா வேலை சுலபம். காசு வந்தாலும் வராட்டியும் மகளுக்கு அத குடுக்காதீங்க.

கே: நான் விக்கிற பக்கம் மேடம். சுத்தமா துவைச்சு அனுப்பின போர்வைல மூட்டைப்பூச்சின்னு ஒருத்தர் புகார் போட்டிருக்கார். எங்க வீட்ல பூச்சியே இல்ல. அவர் வீட்டுப் பூச்சிக்கு நான் ஏன் காசு குடுக்கணும்?

உங்க கோபம் புரியுது, நீங்க சொல்றது உண்மையாவும் இருக்கலாம். பூச்சி வாங்கினவர் வீட்லேர்ந்தும் வரலாம், வழியில வேற பார்சல்லேர்ந்தும் ஏறலாம். ஆனா மூட்டைப்பூச்சி எங்க வீட்ல இல்லன்னு உறுதியா சொல்றவங்க வீட்லயும் கட்டில் இடுக்குல இருந்திருக்கு, கடிச்சா எல்லாருக்கும் தடிக்காது, சில பேருக்கு தெரியவே தெரியாது. அதனால பதில் எழுதறதுக்கு முன்னாடி போர்வை இருந்த அலமாரி, மெத்தை தையல், கட்டில் மூட்டு எல்லாத்தையும் டார்ச் அடிச்சுப் பாருங்க, இது அந்தப் பணத்துக்காக இல்ல, உங்க வீட்டுக்காக.

அப்புறம் அவர்கிட்ட பிரிச்ச வீடியோ, லேபிளோட போட்டோ கேளுங்க. பிரிச்ச அன்னிக்கே எடுத்ததா, போர்வை மடிப்பு நீங்க மடிச்ச மாதிரியே இருக்கா, இல்ல கட்டில்ல விரிச்சு படுத்தப்புறம் எடுத்ததான்னு பாருங்க. ரெண்டு வாரம் பயன்படுத்திட்டு சொல்றார்னா அத ஆப்காரங்ககிட்ட தேதியோட எடுத்துச் சொல்லுங்க. 'நீங்க தான் அழுக்கு'ன்னு ஒரு வார்த்தை எழுதிடாதீங்க, சாட்ட படிக்கறவங்க முடிவு பண்றப்ப அது உங்களுக்கு எதிரா போகும். அவர் வீடியோ தெளிவா இருந்து, பார்சல் பிரிச்ச அந்த நிமிஷமே பூச்சி தெரியுதுன்னா பணத்த திருப்பிக் குடுத்துடுங்க, போர்வைய திருப்பி அனுப்ப வேண்டாம், அங்கயே அழிச்சிடுங்கன்னு எழுதுங்க. அடுத்த தடவையிலேர்ந்து துணி விக்கறப்ப ட்ரையர்ல சூடா அரை மணி ஓட்டி, எடுத்ததும் புது பையில போட்டு மூடி, அத ஒரு சின்ன வீடியோவா எடுத்து வச்சுக்கோங்க, அந்த வீடியோல தேதியும் பார்சல் லேபிளும் தெரியட்டும்.